ஒரு வடிவமும் மூன்று கலைகளும்

ஓவியம், சிற்பம், கோட்டோவியம் ஆகிய மூன்றையும் ஒரே கூடத்தில் வைத்துக் காட்டும் கலைஞன், தன் பன்முகத் திறமையைப் பறைசாற்றவே அவ்வாறு செய்கின்றான் என்று கருதுவோர் உளர். அக்கருத்து எல்லார்க்கும் பொருந்துவதன்று. மலேசியக் கலைஞர் லத்தீப் மொகிதீனின் 'பாகோ பாகோ' கண்காட்சி அதற்குத் தக்க சான்றாகும். 1960 முதல் 1969 வரை அவர் படைத்தவற்றைக் கொண்ட அக்கண்காட்சி, 2018ஆம் ஆண்டில் பாரிஸ் பொம்பிடு கலைக்கூடத்திலும், 2020ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தேசியக் கலைக்கூடத்திலும் நடைபெற்றது.

நெகிரி செம்பிலானில் பிறந்து, சிறுவனாக இருந்தபோதே சிங்கப்பூரில் ஓவியராகப் பெயர் பெற்றவர் லத்தீப். 1960இல் மேற்கு பெர்லின் சென்று நான்காண்டுகள் கலை பயின்றார். செருமானிய வெளிப்பாட்டு ஓவியத்தின் தடித்த கோடும் அழுத்தமான வண்ணமும் அங்கே அவருக்குக் கைவந்தன. ஆயினும் அவர் தேடிய உருவம் அந்நாட்டதன்று. தாயகம் மீண்டபின் தாய்லாந்து, கம்போடியா முதலிய நாடுகளில் சுற்றித் திரிந்தார். கோயில் முடிகளும் காட்டுச் செடிகளும் அவர் கண்ணில் ஒன்றாகக் கலந்தன. 'பாகோடா' என்னும் பௌத்தக் கோபுரப் பெயரும், வேலியைக் குறிக்கும் 'பாகார்' என்னும் மலாய்ச் சொல்லும் இணைந்து பிறந்ததே 'பாகோ பாகோ' என்பர்.

அவ்வடிவம் கோபுரமோ எனின் கோபுரமன்று. முளையோ எனின் முளையுமன்று. இரண்டும் ஒன்றையொன்று பற்றி மேலெழும் நிலை அது. கோட்டோவியத்தில் அது கருக்கொள்கிறது. தயங்கியும் திருத்தியும் செல்லும் கோட்டில் கலைஞனின் எண்ணம் வெளிப்படை. வண்ண ஓவியத்தில் அது உரம் பெற்று நிமிர்கிறது. சிற்பத்திலோ, சுற்றி வந்து காணத்தக்க உடலைப் பெறுகிறது. எனினும் வண்ணம் தந்த வெம்மை அங்கே சற்றுக் குறைகிறது என்பதையும் சொல்லுதல் வேண்டும். மூன்றனுள் சிற்பமே மெலிந்தது. ஆனால் ஒரு வடிவம் தாளையும் துணியையும் கடந்து நிற்க வல்லதா என்னும் சோதனைக்கு அது இன்றியமையாதது.

மேனாட்டில் பயின்றவர் மேனாட்டைப் படியெடுப்பர் என்னும் பழி, இவ்வட்டாரக் கலைஞர்மேல் நெடுங்காலம் சுமத்தப்பட்டு வந்தது. கற்ற முறை பிறருடையதாயினும் கண்ட பொருள் தம்முடையதாயின் கலை தமதேயாகும் என்பதே இப்படைப்புகள் தரும் விடை. 'சுங்கை மேக்கோங்' என்னும் கவிதை நூலை 1972இல் வெளியிட்ட கவிஞருமான லத்தீப்புக்கு, சொல்லும் கோடும் ஒரே பயணத்தின் விளைவுகள்.

பாரிஸ் ஏற்றதனால் இவை உயர்ந்தன அல்ல. அரை நூற்றாண்டுக்கு முன்னரே உயர்ந்து நின்றதனைப் பாரிஸ் காலந்தாழ்த்திக் கண்டது, அவ்வளவே. சிங்கப்பூர், கோலாலம்பூர் தேசியக் கலைக்கூடங்கள் இரண்டிலும் லத்தீப்பின் படைப்புகள் உள்ளன. மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், முதலில் கோட்டோவியத்தின் முன் நிறுத்துவாராக. வடிவம் பிறக்கும் இடத்தைக் கண்ட கண்ணுக்கு, அது வளர்ந்த இடம் தானே விளங்கும்.