'கிருமி வளரவில்லை' என்றால் என்ன பொருள்?

நீர்க்கடுப்புக்கு ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளை முறைப்படி உண்டு முடித்த பிறகும் சிலருக்கு எரிச்சல் தீர்வதில்லை. சிறுநீரைக் 'கல்ச்சர்' சோதனைக்கு அனுப்பினால் 'கிருமி வளரவில்லை' என்று அறிக்கை வருகிறது. 'நோய் போய்விட்டது, எல்லாம் மனப்பிரமை' என்று சொல்லிவிடுகிறார்கள். இந்த முடிவு சரியா?

1956-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எட்வர்டு காஸ் என்னும் மருத்துவர் ஓர் அளவுகோலை வகுத்தார். ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் 1,00,000 பாக்டீரியாக்கள் இருந்தால் அது தொற்று. மிகக் குறைவாயின், சிறுநீரைப் பிடிக்கும்போது வெளியிலிருந்து கலந்தவையாக இருக்கலாம். அறிகுறியே இல்லாதவர்களிடம் தொற்றைக் கண்டறிய இது நல்ல அளவுகோல். எரிச்சலோடு வருபவர்களுக்கும் இதையே பயன்படுத்தியதுதான் பிழை. அத்தகைய பெண்களுக்கு 100 பாக்டீரியாக்களே தொற்றைக் காட்டப் போதும் என்று 1982-இல் சியாட்டிலில் வால்டர் ஸ்டாம் குழுவினர் காட்டினர்.

இங்கே ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சோதனைக்கூடத்தில் பெரும்பாலும் பயன்படும் கம்பி வளையம் 0.001 மி.லி. சிறுநீரையே எடுக்கும். மில்லிலிட்டருக்கு 1,00,000 பாக்டீரியாக்கள் இருந்தால் வளர்தட்டில் சுமார் 100 புள்ளிகள் தோன்றும். 100 மட்டுமே இருந்தால்? சராசரி 0.1 புள்ளி. அதாவது, பத்தில் ஒன்பது முறை தட்டு வெறுமையாகவே இருக்கும்! மீட்டர் கோலால் தலைமயிரை அளந்து 'பருமன் பூஜ்யம்' என்பதற்கு ஒப்பானது இது. கிளமிடியா போன்ற சில கிருமிகளோ இத்தட்டில் வளர்வதே இல்லை.

அப்படியானால் ஆன்டிபயாட்டிக்கைத் தொடர்ந்து உண்ணலாமா? கூடாது. நலமான சிறுநீர்ப்பையிலும் பாக்டீரியாக்கள் வாழக்கூடும் என்பது 2012-க்குப் பின் சிகாகோ ஆய்வுகளால் தெளிவாயிற்று. ஆகவே கிருமி இருப்பது மட்டுமே நோய்க்குச் சான்றாகாது. கல், சிறுநீர்ப்பை வலி நோய் போன்ற வேறு காரணங்களும் உண்டு. தேவையற்ற மருந்து, மருந்துக்கு அடங்காத கிருமிகளையே வளர்க்கும். மருத்துவர் காரணத்தைத் தேடித்தான் ஆகவேண்டும்.

அளவீட்டை எழுதும்போது கருவியின் மீச்சிறு அளவையும் குறிக்க வேண்டும் என்று முதலாண்டு மாணவனுக்கே கற்பிக்கிறோம். 'கிருமி வளரவில்லை' என்பதற்குப் பதில், 'மில்லிலிட்டருக்கு 1,000-க்கும் குறைவு. அதற்குக் கீழே இச்சோதனை காணாது' என்று அறிக்கை கூறட்டும். வலியோடு வந்தவரை மனப்பிரமை என்று திருப்பி அனுப்ப அப்போது யாரும் தயங்குவர்.