மலிவு விலையில் யாருடைய கடல்?

1505இல் கொழும்புக்கு வந்த லோரன்சோ டி அல்மேதாவை நமது வரலாற்றுப் பாடங்கள் கரையில் இறக்கி வைத்துவிட்டு அப்படியே மறந்துவிடுகின்றன. "அதுக்குப் பிறகு அந்தாள் எங்க போனார், சேர்?" என்று தரம் பத்துப் பிள்ளையொன்று கேட்டது. நான் தமிழ் படிப்பிக்கிறவன். வரலாற்று ஆசிரியர் லீவு என்பதால் அந்தப் பாடவேளைக்கு அனுப்பப்பட்டிருந்தேன். பதில் தெரியவில்லை. அதைத் தேடப் போனதில்தான் என் அலுமாரியில் கடற்போர் நூல்கள் சேரத் தொடங்கின.

பதில் இதுதான்: 1508இல், மேற்கிந்தியாவின் சௌல் துறைமுகத்தில், எகிப்திய மம்லூக் சுல்தானின் கப்பற்படையும் தியூவின் ஆளுநர் மலிக் அயாஸின் படகுகளும் சேர்ந்து தாக்கியதில் லோரன்சோ கொல்லப்பட்டான். அடுத்த ஆண்டு பெப்ரவரியில் அவனுடைய தகப்பன் பிரான்சிஸ்கோ டி அல்மேதா தியூவில் பழிதீர்த்துக்கொண்டான். கொழும்பில் நாம் பாதியில் விட்ட கதையின் மறுபாதியில் சுயஸிலிருந்து வந்த கப்பல்கள் நிற்கின்றன. கரையை மட்டும் படித்தவனுக்கு இது தெரியவராது.

ஆசிரியச் சம்பளத்தில் கடல் வரலாறு வாங்கப் புறப்பட்டால் முதலில் கையில் அகப்படுவது யாருடைய கடல்? கொழும்பு டீ.ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளில் எனக்குக் கிடைத்தவை நெல்சன், இரண்டாம் உலகப்போர், பிரித்தானிய யுத்தக் கப்பல்கள். காசில்லாமல் இறக்கிப் படிக்கக் கூடியவை பதிப்புரிமை முடிந்தவை: மஹான் 1890இல் எழுதிய கடலாதிக்க நூல், டென்வர்ஸின் 1894ஆம் ஆண்டு 'இந்தியாவில் போர்த்துக்கேயர்' இரு தொகுதிகள். ஒட்டோமானியரின் இந்து சமுத்திர முயற்சிகள் பற்றிய கஸாலேயின் நூல் 2010இல் வந்தது, அதைத் தொட முடியாது. அரபு மாலுமி இப்னு மாஜிதின் நூலை மொழிபெயர்த்து விளக்கிய திப்பெட்ஸின் 1971ஆம் ஆண்டுப் பதிப்பும் அப்படித்தான். 2022இல் டொலர் இருநூறிலிருந்து முந்நூற்றறுபதுக்குப் போன பிறகு கேட்கவே தேவையில்லை. ஆக, வென்றவனின் கடல் மலிவு, தோற்றவனின் கடல் விலை கூட. பட்ஜெட் பார்த்து வாங்குகிறவன் தன்னை அறியாமலே ஒரு பக்கத்துக்குச் சாய்ந்துவிடுகிறான்.

அதற்காக மஹானை ஒதுக்கச் சொல்லவில்லை. கப்பற்படையை ஏன் பிரித்துவைக்கக் கூடாது, தளம் இல்லாத படை எப்படி வாடிப்போகும் என்பதை அவரைப்போல் விளங்கவைத்தவர்கள் குறைவு. 1782இல் பிரெஞ்சுத் தளபதி சுப்ரேன் திருகோணமலையைப் பிடித்த கதை அவரிடம் விறுவிறுப்பாக இருக்கிறது. ஆனால் அந்தத் திருகோணமலையில் மனிதர் எவரும் இல்லை. அது பாய்மரம் திருத்துவதற்கும் தண்ணீர் நிரப்புவதற்கும் ஓர் இடம், அவ்வளவுதான். கே.எம். பணிக்கர் 1945இல் எழுதிய 'இந்தியாவும் இந்து சமுத்திரமும்' என்ற சிறுநூல் மஹானின் அச்சில் வார்த்து எடுத்த பதில். சிறிய நூல், கிடைத்தால் விடவேண்டாம். என்றாலும் அச்சு மஹானுடையதுதானே.

என் பரீட்சைத்தாள் 1538ஆம் ஆண்டு வேதாளைச் சண்டை. கோட்டையின் புவனேகபாகுவுக்கு எதிராகச் சீதாவாக்கையின் மாயாதுன்னை கோழிக்கோட்டுச் சாமூதிரியிடம் உதவி கேட்கிறான். சாமூதிரி மரைக்காயர்களின் தலைமையில் கப்பல்களை அனுப்புகிறார். மண்டபத்துக்கு அருகே வேதாளையில் மார்ட்டின் அபொன்சோ டி சூசா அவற்றை முறியடிக்கிறான். ஒரு பௌத்த மன்னன் கேட்க, ஓர் இந்து அரசர் அனுப்ப, முஸ்லிம் மாலுமிகள் இந்தத் தீவை நோக்கி வந்த சண்டை அது. 'நீங்க எப்ப வந்தீங்க?' என்று நம்மைப் பார்த்துக் கேட்கிற நாட்டில் இந்தச் சண்டையைப் பற்றி நம் பிள்ளைகள் ஒரு வரிகூட அறியாமல் இருப்பது எனக்கு வலிக்கிறது.

இதைக் குவேறோஸ் பாதிரியாரில் படிக்கலாம். எஸ்.ஜி. பெரேரா 1930இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பை டில்லியில் மறுபதிப்புச் செய்திருக்கிறார்கள். கோவாவில் இருந்து எழுதி 1687இல் முடித்த குவேறோஸ் இலங்கையில் காலடி வைத்தவரே அல்ல. அவருக்கு எதிரே வைக்க வேண்டிய நூல் ஸைனுத்தீன் மக்தூமின் 'துஹ்பதுல் முஜாஹிதீன்'. 1583 வரையான செய்திகளைச் சொல்லும் இந்த அரபு நூலை முஹம்மது ஹுசைன் நயினார் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, 1942இல் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. பின்னர் கோலாலம்பூரிலும் பதிப்பித்தார்கள். மெலிந்த நூல்தான். பணம் குறைந்தவர் முதலில் வாங்க வேண்டியது இதைத்தான் என்பேன்.

ஆனால் மக்தூமும் போதாது. அவர் ஆலிம், மாலுமி அல்ல. பறங்கியின் கொடுமையைச் சொல்லும்போது எழுத்து சுடுகிறது. பறங்கி ஏன் வென்றான் என்று கேட்டால் மறுமொழி ஒழுக்கத்தின் பக்கம் போய்விடுகிறது. பீரங்கியின் எடையும் கப்பற்பக்கத்தின் உறுதியும் அங்கே இல்லை. கயிற்றால் தைத்த மரக்கலங்களைப் பற்றி ஹௌரானியின் 'அரபுக் கடலோடல்' (1951) சொல்கிறது. பீரங்கிகளைச் சுமந்த பாய்க்கப்பல் என்ன மாற்றத்தைக் கொண்டுவந்தது என்பதைச் சிப்போலாவின் 1965ஆம் ஆண்டு நூல் சொல்கிறது. இரண்டும் சிறியவை, பாவித்த பிரதிகள் அகப்படும்.

நம்மவர் எழுத்தையும் சொல்லாமல் விட முடியாது. விழா மலர்களில் கடல் வரலாறு என்றால் 'அரேபியர் வணிகம் செய்ய வந்தனர்' என்று தொடங்கி, வாஸ்கோ ட காமாவுக்கு வழிகாட்டியவர் இப்னு மாஜித்தான் என்ற பெருமையில் முடியும். (சிலருக்கு அதுவே ஒப்பாரி.) பதினாறாம் நூற்றாண்டு மக்காவின் நஹ்ரவாலி எழுதிவைத்ததிலிருந்து பரவிய கதை இது. போர்த்துக்கேயக் குறிப்புகள் வழிகாட்டியை ஒரு குஜராத்தியாகக் காட்டுகின்றன. திப்பெட்ஸும் கதையை ஏற்கவில்லை. நாமோ ஒரு மலரைப் பார்த்து மறு மலர் எழுதிக்கொண்டிருக்கிறோம். காற்றுப் பருவம், கப்பலின் கொள்ளளவு, வெடிமருந்து எதுவும் இல்லாத வரலாறு கஸீதா பாட உதவும், தோற்றதை விளங்க உதவாது.

தோல்வியை எப்படி எழுதுவது என்று பார்க்க விரும்புகிறவர் ஒட்டோமானியத் தளபதி ஸைதி அலி ரெயிஸைப் படிக்கட்டும். 1554இல் பஸ்ராவிலிருந்து கப்பல்களோடு புறப்பட்டார். பறங்கியும் புயலும் சேர்ந்து படையை அழிக்க, குஜராத்தில் ஒதுங்கி, சிந்து, டில்லி, காபூல் என்று தரைவழியாகவே இஸ்தான்பூல் திரும்பினார். கப்பலை இழந்த தளபதி தன் இழப்பைத் தானே எழுதிவைத்தார். ஹுமாயூன் இறந்தபோது டில்லியில் இருந்ததையும் அதிலேயே சொல்கிறார். வாம்பேரியின் 1899ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பு இப்போது இலவசம். இவ்வளவு நேர்மையான எழுத்து சும்மா கிடந்தும் நம் மலர்க்காரர்கள் கண்ணில் படவில்லை.

என் முறை இப்போது எளிது. பத்து நூல் வாங்கும் காசு இருந்தால் பத்துச் சண்டைகளைப் பற்றி வாங்குவதில்லை. ஒரே சண்டைக்கு எதிரெதிர்த் தரப்பு நூல்களை வாங்குகிறேன், மிச்சக் காசில் ஒரு நல்ல அட்லஸ். குவேறோஸும் மக்தூமும் ஒரே தட்டில் இருக்கிறார்கள். திப்பெட்ஸ் இன்னும் வரவில்லை. யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், போட்டோகொப்பி என்றாலும் பரவாயில்லை.