'லெப்ரஸ்' என்னும் பெயரடை

ஆங்கில வேதாகமத்தில் 'லெப்ரஸ்' என்றொரு பெயரடை உண்டு. அன்றாட ஆங்கிலத்தில் அருகியே வழங்கும் அச்சொல்லை நம் பிரசங்கிமார் விடாது பற்றிக்கொண்டு, 'குஷ்டம் பிடித்த உள்ளம்', 'குஷ்டம் பிடித்த சமுதாயம்' எனத் தமிழாக்கியும் வருகின்றனர். கணியம்பாடி வட்டாரத்தில் இவ்விதம் பேசலாமா? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவப் பணி நெடுங்காலமாய் நடைபெறும் ஊர்கள் இவை. 1955இல் நிறுவப்பெற்ற கரிகிரி தொழுநோய் நிலையமும் தொலைவில் இல்லை. நோய் நீங்கியும் விரல் மடங்கிய கையோடு திருவிருந்துக்கு வருகிறவரும் அப்பிரசங்கத்தைக் கேட்கிறார்.

'லெப்ரா' என்ற கிரேக்கச் சொல் செதில் உரிதலைக் குறித்தது. பாறையில் மாவு பூத்தாற்போற் படரும் கற்பாசியை வருணிக்கத் தாவரவியலார் இவ்வேர்ச்சொல்லையே ஆளுகின்றனர். எபிரெயச் சொல்லாகிய 'ஸாராஅத்' இன்னும் விரிந்தது. லேவியராகமம் 13, 14ஆம் அதிகாரங்களில் அது மனிதன்மேல் மட்டுமன்றி ஆடையிலும் தோலிலும் வீட்டுச் சுவரிலும் காணப்படுகிறது. ஆம்பூர்த் தோல் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. ஈரந்தங்கிய தோலில் பூசணம் படர்வதை அவர் கண்டவர். 1873இல் ஹான்சன் கண்டறிந்த கிருமி சுவரைப் பிடிப்பதில்லை. அந்நோயின் தனி அடையாளமாகிய உணர்விழப்பைப்பற்றி அவ்வதிகாரங்களில் ஒரு சொல்லும் இல்லை. உடல் முழுதும் வெளுத்தவன் சுத்தமுள்ளவன் என்பதே ஆசாரியனின் தீர்ப்பு (13:13).

பழைய மொழிபெயர்ப்பின் 'குஷ்டம்' முற்றும் பிழையென நாம் கருதவில்லை. ஆயுர்வேத நூல்கள் கூறும் 18 வகைக் குஷ்டத்தில் தோல்நோய்கள் பல அடங்கும். 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியத்தின் 'தொழுநோய்' மரியாதையான சொல்தான். ஆயினும் பொருள் ஒரே நோய்க்குள் ஒடுங்கிவிட்டது. ஆங்கிலப் புதிய சர்வதேச மொழிபெயர்ப்பு 2011இல் 'தீட்டுப்படுத்தும் தோல்நோய்' என மாற்றிக்கொண்டது. தோலைத் தொட்டுப் பிழைத்தவர்மேல் 'தீட்டு' என்ற சொல்லை எறிந்த நாடு இது. அதை ஒரு நோயின் பெயரிலும் சேர்க்க நமக்கு மனமில்லை. மக்கள் வழக்கிலுள்ள 'படை' என்பதைச் சோதித்துப் பார்க்கலாம். சேனையென்று மயங்குவார்களே என்பாருக்கு, இடம் நோக்கிப் பொருள் கொள்ளத் தமிழர் அறிவர் என்போம்.

மிரியாம், கேயாசி, உசியா ஆகியோர்க்கு அது தண்டனையாக வந்தது மெய்யே. நாகமானுக்கு அவ்விதம் ஒரு குற்றமும் சொல்லப்படவில்லை. நோயோடும் அவன் சீரியாவின் படைத்தலைவனாகவே இருந்தான். 1898ஆம் ஆண்டுக் குஷ்டரோகிகள் சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. மணவிலக்குக்கு இந்நோயைக் காரணங்காட்டும் விதியும் 2019இல் ஒழிந்தது. நம் பிரசங்கக் குறிப்பேடுகளில் மட்டும் அப்பெயரடை பாவத்துக்கு உவமையாக இன்னும் எழுதப்படுகிறது. அதை அடித்துவிட எந்த மொழிபெயர்ப்புக் குழுவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.