'செர்ட்டன்' என்னும் சொல்லும் பாடநூல் தமிழும்

ஆங்கிலத்தில் உறுதியைக் குறிக்கும் எளிய பெயரடை 'செர்ட்டன்'. மாணவர்கள் நாள்தோறும் காணும் சொல்தான். எனினும் இதனைத் தமிழாக்குவதில் நேரும் பிழைகள் சில வேளைகளில் இயற்பியலையே திரித்துவிடுகின்றன.

முதலில் சொல்லின் பிறப்பைக் காண்போம். இலத்தீனில் 'செர்னெரே' என்னும் வினைக்குச் சலித்தல், பிரித்தறிதல், தீர்மானித்தல் என்று பொருள். அதிலிருந்து தோன்றிய 'செர்ட்டஸ்', 'தீர்மானிக்கப்பட்டது' எனப் பொருள்படும். இது பிரெஞ்சு மொழி வழியாக, ஏறத்தாழ 1300-ஆம் ஆண்டளவில் ஆங்கிலத்தை அடைந்தது. சல்லடையில் மாவு வேறு, கப்பி வேறாகப் பிரிவதுபோல, ஐயம் வேறாகக் கழிந்தபின் நிற்பதே உறுதி. தமிழிலும் 'தெளிதல்' என்னும் சொல் கலங்கிய நீர் தெளிவதையும் மனம் உறுதி பெறுவதையும் ஒருங்கே குறிப்பதை நோக்குக.

இனி, இச்சொல்லுக்கு மற்றொரு பொருளும் உண்டு. 'எ செர்ட்டன் மேன்' என்றால் உறுதியான மனிதன் அன்று. பெயர் சொல்லப்படாத யாரோ ஒருவர். 1911-இல் காமர்லிங் ஆன்ஸ் என்னும் டச்சு அறிஞர் பாதரசத்தைக் குளிர்வித்தபோது, சுமார் 4.2 கெல்வினில் அதன் மின்தடை மறைந்தது. மீக்கடத்திகள் 'செர்ட்டன்' வெப்பநிலைக்குக் கீழே மின்தடையை இழக்கின்றன என்று ஆங்கில நூல் கூறினால், 'ஒரு குறிப்பிட்ட வெப்பநிலை' என்பதே பொருள். அது பொருளுக்குப் பொருள் மாறும். 'நிச்சயமான வெப்பநிலை' என்று எழுதினால், எல்லாப் பொருள்களுக்கும் அது ஒன்றே என மாணவர் மயங்க நேரும்.

இதனினும் பெரிய மயக்கம் குவாண்டம் இயற்பியலில் உள்ளது. 1927-இல் ஹைசன்பர்க் வெளியிட்ட தொடர்புக்கு ஆங்கிலத்தில் நிலைத்துவிட்ட பெயர் 'அன்செர்ட்டன்ட்டி'. அதனைத் தமிழில் 'ஐயப்பாடு' என்றும் 'நிச்சயமின்மை' என்றும் எழுதுகிறோம். ஐயம் என்பது மனத்தின் நிலை. இங்குக் கூறப்படுவதோ துகளின் இயல்பு. துகளினது இடத்தின் பரவலையும் உந்தத்தின் பரவலையும் பெருக்கினால் வரும் அளவு, ப்ளாங்க் மாறிலியை 4 பையால் வகுத்து வருவதற்குக் குறையாது. கருவியை எவ்வளவு செம்மையாக்கினாலும் இவ்வெல்லை தளராது. ஹைசன்பர்க்கும் தம் கட்டுரையில் 'துல்லியமின்மை', 'வரையறுக்கப்படாமை' என்னும் பொருள்தரும் ஜெர்மன் சொற்களையே பெரிதும் ஆண்டார்.

'ஐயப்பாடு' என்று படிக்கும் மாணவர், "விஞ்ஞானிகளுக்கே சந்தேகம்" என்று விளங்கிக்கொள்கிறார். உண்மையோ நேர்மாறானது. அத்தொடர்பு ஐயத்துக்கு இடமற்ற ஒரு கணித விதி. ஆகவே, சிலர் ஏற்கெனவே வழங்கிவரும் 'அறுதியின்மை' என்னும் சொல்லே பொருத்தமுடையது. அது காண்பவரை விட்டுப் பொருளைச் சுட்டுகிறது. கலைச்சொல் ஆக்குவோர் ஆங்கிலச் சொல்லைப் பெயர்க்குமுன், அது குறிக்கும் இயற்பியலைச் சலித்துப் பார்த்தல் வேண்டும்.