துரு எங்கே பிடிக்கும்?
மாதிரி இரயில் வண்டிகள் பற்றி ஒரு திறனாய்வு

உள்ளங்கையில் அடங்கும் ஓர் இரயில் வண்டியைக் கண்டால், அது குழந்தைகளின் விளையாட்டுப் பொருள் என்றே நமக்குத் தோன்றும். ஆனால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வளர்ந்தவர்கள் பலர் மாதக்கணக்கில் உழைத்து இத்தகைய வண்டிகளைச் செய்கின்றனர். உறுப்புகளை ஒட்டி வண்டியாக்குவது வேலையின் முதற்பாதி. அதற்குத் துருவும் கரியும் தூசியும் ஏற்றி, பல ஆண்டுகள் உழைத்த வண்டி போலத் தோன்றச் செய்வது மறுபாதி. இந்த இரண்டாம் வேலையை நாம் ‘முதுமையூட்டல்’ என்று அழைக்கலாம்.

சென்ற ஆண்டு இங்கிலாந்திலிருந்து வந்த உறவினர் ஒருவர், பதினாறு டன் நிலக்கரி வேகன் ஒன்றின் பிளாஸ்டிக் உறுப்புகள் அடங்கிய பெட்டியை எனக்குக் கொடுத்தார். இரண்டு மாலைப்பொழுதுகளில் ஒட்டி முடித்தேன். சாம்பல் நிறம் பூசி, அதன்மேல் காவி நிறத்தைத் தாராளமாகத் தெளித்தேன். வகுப்புக்கு எடுத்துச் சென்றபோது மாணவர்கள் கைமாற்றிப் பார்த்து மகிழ்ந்தனர். ஒரு மாணவன் மட்டும், “நிலக்கரியை உள்ளேதானே கொட்டுவார்கள்? உள்பக்கம் புதிதாக இருக்கிறது; வெளியே மட்டும் எப்படி சார் இவ்வளவு துரு?” என்று கேட்டான்.

என்னிடம் விடை இல்லை. ‘அழகாக இருக்கும் என்று பூசினேன்’ என்பதுதான் உண்மை. இயற்பியல் கற்பிக்கும் ஒருவன் சொல்லக்கூடிய விடையா அது? அந்தக் கேள்வியின் விளைவே இக்கட்டுரை. மாதிரி என்பது உண்மையைப் போன்ற ஒன்று. அப்படியானால் அது எங்கெங்கே உண்மையிலிருந்து விலகுகிறது? அவ்விலகல்களுள் எவற்றை மன்னிக்கலாம், எவற்றை மன்னிக்கக்கூடாது?

அளவு சுருங்கும்போது

முதலில் அசல் வண்டியைத் தெரிந்துகொள்வோம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தொடங்கி, 1950-களில் இலட்சக்கணக்கில் பெருகிய இவ்வகை வேகன்கள், பிரிட்டனின் சுரங்கங்களிலிருந்து நிலக்கரியை ஏற்றிச் சென்றன. நான்கு சக்கரங்கள், கூரையில்லாத எஃகுப் பெட்டி, பக்கங்களில் கதவுகள். பல வேகன்களில் ஒரு முனையிலும் கதவு உண்டு. அந்த முனை எது என்று காட்ட, பக்கத் தகட்டில் சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு தீட்டியிருப்பார்கள். வண்டியின் நீளம் 16½ அடி. சரக்கு இல்லாதபோது எடை சுமார் 7½ டன்.

பிரிட்டனில் பெரிதும் வழங்கும் ‘ஓ-ஓ’ அளவில், ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர் கணக்கு. அதாவது அசலில் 76.2-இல் ஒரு பங்கு. ஆகவே மாதிரியின் நீளம் 66 மி.மீ. ஆகிறது. எடை எவ்வளவு இருக்கவேண்டும்? நீளம், அகலம், உயரம் மூன்றும் 76.2 மடங்கு சுருங்குவதால், கன அளவு 76.2 × 76.2 × 76.2, அதாவது ஏறத்தாழ 4,42,000 மடங்கு சுருங்கும். 7½ டன்னை இந்த எண்ணால் வகுத்தால் கிடைப்பது 17 கிராம்!

17 கிராம் எடையுள்ள வண்டியை ஓட்டிப் பாருங்கள். வளைவில் கொக்கி பக்கவாட்டில் இழுத்தவுடன் கவிழும்; தண்டவாள இணைப்பில் ஒரு சிறு மேடு இருந்தால் தடம் புரளும். அமெரிக்க மாதிரி இரயில்பாதைத் தேசியக் கழகம், இதே தண்டவாள அகலத்தில் ஓடும் வண்டிகளுக்கு, அடிப்படையாக ஓர் அவுன்சும், நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்சும் எடை இருக்கவேண்டும் எனப் பரிந்துரைக்கிறது. அக்கணக்கில் நம் வேகன் சுமார் 65 கிராம் இருக்கவேண்டும். கணக்குப்படி வரும் எடையைப்போல் இது ஏறக்குறைய நான்கு மடங்கு. எனவே வண்டியின் அடியில் ஈயத்துண்டு ஒட்டுகிறார்கள்.

இது பிழையா? பிழைதான். ஆனால் இயற்பியலே கட்டாயப்படுத்திய பிழை. உருவம் சுருங்கும்போது எல்லாப் பண்புகளும் ஒரே விகிதத்தில் சுருங்குவதில்லை என்பதைக் கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலிலேயே விளக்கியிருக்கிறார். வீட்டு மேசையில் போடும் வளைவின் ஆரம் பொதுவாக 438 மி.மீ. அசல் அளவில் அது 33 மீட்டர்தான். முதன்மைப் பாதைகளின் வளைவுகளோ பல நூறு மீட்டர் ஆரம் கொண்டவை. இத்தகைய கூர்மையான வளைவில் தடம் புரளாமல் ஓட எடையைக் கூட்டியே ஆகவேண்டும். இதற்காக ஒருவரையும் குறைகூற முடியாது.

பழக்கம் பெற்ற பிழை

அடுத்த பிழை வேறு வகையைச் சேர்ந்தது. ‘ஓ-ஓ’ மாதிரியில் தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் 16.5 மி.மீ. இதை 76.2-ஆல் பெருக்கினால் 1,257 மி.மீ. வரும். அசல் அகலமோ 1,435 மி.மீ. ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் குறைகிறது! முன்னிருந்து பார்த்தால், அகன்ற உடலைக் குறுகிய கால்கள் தாங்குவது போல வண்டி தோன்றும்.

இது எப்படி நேர்ந்தது? ஐரோப்பியக் கண்டத்தில் 16.5 மி.மீ. பாதைக்குப் பொருத்தமாக அடிக்கு 3.5 மி.மீ. என்ற அளவைக் கொண்டனர். பிரிட்டனின் எஞ்சின்கள் கண்டத்து எஞ்சின்களைவிட ஒடுங்கியவை. அக்கால மோட்டார்கள் அவ்வளவு சிறிய கூட்டுக்குள் அடங்கவில்லை. எனவே கூட்டை மட்டும் 4 மி.மீ. அளவுக்குப் பெரிதாக்கிவிட்டு, பாதையை அப்படியே விட்டுவிட்டனர். 1938-இல் ஹார்ன்பி டப்ளோ இரயில்கள் விற்பனைக்கு வந்தபின் இவ்வளவு மேலும் வேரூன்றியது.

பின்னாளில் மோட்டார்கள் சிறுத்தன, காரணம் மறைந்தது. ஆனால் பிழை மறையவில்லை. எல்லோருடைய வண்டிகளும் பாதைகளும் அந்த அளவில் அமைந்துவிட்டன. 1960-களில் சிலர் 18.83 மி.மீ. பாதை கொண்ட ‘பி-4’ என்னும் முறையை வகுத்தனர். 18.83-ஐ 76.2-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 1,435 வரும். இன்றும் அம்முறையைக் கையாள்வோர் சிறுபான்மையினரே. சக்கரங்களை மாற்றவேண்டும், பாதையைக் கையால் அமைக்கவேண்டும் என்னும்போது பலர் தயங்குவது இயல்பு. இப்பிழையை வெறுக்கவேண்டியதில்லை. ஆனால் பிழை என்று அறிந்து வைத்திருக்கவேண்டும்.

செங்கல் தடிமனில் ஒரு தகடு

பிளாஸ்டிக் உறுப்புப் பெட்டிகளின் பெருங்குறை தடிமன். வார்ப்பில் பிளாஸ்டிக் நன்றாகப் பரவ, பக்கத் தகடு சுமார் 1 மி.மீ. தடிமனாவது இருக்கவேண்டும். அசல் அளவில் அது 76 மி.மீ.; ஏறத்தாழ ஒரு செங்கல்லின் உயரம்! அசல் வேகனின் எஃகுத் தகடோ சில மில்லிமீட்டர் தடிமன்தான். மூடிய வண்டியில் இக்குறை தெரியாது. கூரையில்லாத நிலக்கரி வேகனில், மேலிருந்து பார்த்ததும் கண்ணில் படும்.

தேர்ந்த கைவினைஞர்கள் இதற்கு ஓர் எளிய வழி காண்கின்றனர். தகட்டின் மேல் விளிம்பை மட்டும் உட்புறமாக அரத்தால் தேய்த்து மெல்லியதாக்குகின்றனர். விளிம்பு மெலிந்தால் தகடு முழுவதும் மெலிந்தது போலக் கண் ஏமாறும். பாராட்டத்தக்க உத்தி இது. கட்டாயத்தால் வந்த பிழையை, பார்வையின் தன்மையை அறிந்து குறைத்திருக்கிறார்கள்.

துருவின் இலக்கணம்

இனி நம் மாணவனின் கேள்விக்கு வருவோம். இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் கூடும் இடத்தில் துரு தோன்றும். வண்ணப்பூச்சு, நீரையும் காற்றையும் தடுக்கும் ஒரு போர்வை. ஆகவே ‘துரு எங்கே பிடிக்கும்?’ என்ற கேள்வி, ‘போர்வை எங்கே கிழியும், நீர் எங்கே தங்கும்?’ என்ற கேள்வியாகிறது.

போர்வை முதலில் கிழிவது உட்புறத்தில்தான். டன் கணக்கில் நிலக்கரி விழுந்து உராயும்போது பூச்சு விரைவில் போய்விடும். மழை பெய்தால் அடியில் தங்கிய ஈரக் கரித்தூள் நெடுநேரம் உலராது. நிலக்கரியிலுள்ள கந்தகம் அந்நீரை அமிலமாக்கி அரிப்பை விரைவுபடுத்தும். எனவே உழைத்த வேகனின் உட்புறம் பெரும்பாலும் துருவும் கரியுமாகவே இருந்தது. துரு, தான் தோன்றிய இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கொள்ளும். பூச்சின் அடியில் அது பருத்துப் பூச்சைத் தூக்கி உரிக்கும். வெளிப்புறத்தில் தரைத்தகடு சேரும் அடிவரிசை, பற்றவைத்த இணைப்புகள், கதவின் ஓரங்கள் ஆகிய இடங்களில் துரு வெடித்துத் தோன்றுவது இதனால்தான். அங்கிருந்து மழைநீர் துருவைக் கீழ்நோக்கி இழுத்துக் கோடுகளாக்கும். அக்கோடுகள் கீழ்நோக்கியே ஓடும். புவியீர்ப்புக்கு விதிவிலக்கு இல்லை.

அடிப்புறத்தில் வேறு கதை. வார்ப்பிரும்புத் தடைக்கட்டைகள் சக்கரத்தில் உரசி உதிர்க்கும் தூள், பாதைத் தூசியுடன் சேர்ந்து பழுப்பாகப் படியும். அச்சுப்பெட்டியிலிருந்து கசியும் எண்ணெய் கருமையாகப் பரவும். ஆனால் தண்டவாளத்தைத் தொடும் சக்கர விளிம்பு மட்டும் வெள்ளிபோல் மின்னும். ஓடும் வண்டியில் அங்கே துருவுக்கு நேரமே கிடைப்பதில்லை. சக்கரம் முழுவதும் காவி பூசிய மாதிரி வண்டி, ஆண்டுக்கணக்கில் நின்றுபோன வண்டியைத்தான் காட்டுகிறது.

இந்த இலக்கணத்தை அறிந்தவர்களிடம் நல்ல செய்முறைகளும் உள்ளன. முதலில் வண்டி முழுவதும் துரு நிறம் பூசி, அதன்மேல் தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரேயை அடித்து, பிறகு சாம்பல் நிறம் பூசுவர். உலர்ந்தபின் ஈரத் தூரிகையால் தேய்த்தால், இடைப்பட்ட படலம் கரைந்து மேற்பூச்சு உரிந்துவரும். அடியிலிருக்கும் துரு நிறம் வெளிப்படும். அசல் வண்டியில் பூச்சு உரியும் முறையையே இது பின்பற்றுகிறது. நான் தெளித்த காவியோ பூச்சின் மேல் உட்கார்ந்திருந்தது. துருவோ பூச்சின் அடியிலிருந்து வருவது.

துகளின் பருமனையும் கவனிக்கவேண்டும். மாதிரியை 60 செ.மீ. தொலைவிலிருந்து பார்ப்பது, அசல் வண்டியை 46 மீட்டருக்கு அப்பாலிருந்து பார்ப்பதற்குச் சமம். நல்ல கண்ணின் பிரித்தறியும் திறன் ஏறத்தாழ ஒரு கோண நிமிடம். 60 செ.மீ. தொலைவில் அது சுமார் 0.17 மி.மீ. ஆகும். அதைவிடப் பருத்த வண்ணத்துகள் தனியே தெரியும். அசல் அளவில் 13 மி.மீ. கட்டியாகத் தோன்றும். மணல்போல் சொரசொரப்பான துருப்பொடியை ஒட்டுவோர் துருவைக் காட்டவில்லை, கூழாங்கல்லைக் காட்டுகின்றனர்.

மாதிரியைப் பார்த்து மாதிரி

முதுமையூட்டலைப் பரவச் செய்தவர்களுள் முன்னோடி, கலிஃபோர்னியாவின் மான்ட்டரே நகரில் புகழ்பெற்ற மாதிரி இரயில்பாதையை அமைத்த ஜான் ஆலன். அவர் 1973-இல் மறைந்த சில நாட்களில் அப்பாதையும் தீக்கிரையாயிற்று. பிரிட்டனில் மார்ட்டின் வெல்ச் 1993-இல் வெளியிட்ட ‘தி ஆர்ட் ஆஃப் வெதரிங்’ என்னும் நூல் இத்துறையில் பெயர் பெற்றது. இன்று இக்கலை மிகவும் வளர்ந்துவிட்டது. அதுவே ஒரு புதிய குறைக்கும் இடமளிக்கிறது. அசல் வண்டியைப் பார்த்துத் துரு ஏற்றுவதற்குப் பதில், மற்றொருவர் துரு ஏற்றிய மாதிரியைப் பார்த்து ஏற்றுகின்றனர். துரு மிகுந்தால் திறமை மிகுந்தது என்ற எண்ணமும் பரவியிருக்கிறது. இருபது வேகன்கள் கொண்ட தொடரில் இருபதும் ஒரே நாளில் முதுமை அடைந்தாற்போல் இருக்கும். உண்மையான தொடரில் ஒன்று அண்மையில் வண்ணம் பூசப்பட்டிருக்கும். ஒன்றில் புதுத் தகடு ஒட்டுப்போட்டிருக்கும். ஒன்று முழுவதும் துருவேறியிருக்கும்.

“பொழுதுபோக்குதானே, இவ்வளவு கண்டிப்பு எதற்கு?” என்று கேட்கலாம். எடைக்கும் தடிமனுக்கும் நான் கண்டிப்புக் காட்டவில்லை. அவை கட்டாயப் பிழைகள். பாதையின் அகலத்துக்கும் காட்டவில்லை; அது வழக்கப் பிழை. ஆனால் துருவைத் தவறான இடத்தில் வைக்கும்படி எந்த இயற்பியல் விதியும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. எந்தச் செலவும் தடுக்கவில்லை. சரியான இடத்தில் வைக்கவும் அதே தூரிகைதான், அதே வண்ணம்தான். அது கவனக்குறைவுப் பிழை. அதை மட்டும் மன்னிக்க இயலாது.

இம்மூன்று வகைகளையும் பிரித்தறிவது இரயில் வண்டிக்கு மட்டும் உரிய பயிற்சியன்று. வகுப்பறைச் சுவரில் தொங்கும் சூரியக் குடும்பப் படத்தைப் பாருங்கள். பூமியை 1 செ.மீ. உருண்டையாக வரைந்தால் சூரியனை 117 மீட்டர் தள்ளி வரையவேண்டும். தாள் இடம் தராது. எனவே தூரம் பொய்யாவது கட்டாயப் பிழை. அணுவைச் சிறு சூரியக் குடும்பமாக வரைவது வழக்கப் பிழை. ஆனால் பிறைநிலாவின் ஒளிரும் பக்கத்தைச் சூரியனுக்கு எதிர்ப்புறமாக வரைந்திருந்தால்? அது கவனக்குறைவு.

அறிவியல் கண்காட்சிக்கு நீங்கள் ஒரு மாதிரி செய்யும்போது, அதன் பிழைகளை மூன்று வரிசையாக எழுதிப் பாருங்கள். மூன்றாம் வரிசை காலியாகும் வரை வேலை முடியவில்லை என்று கொள்ளுங்கள்.

என் வேகனை மீண்டும் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவந்து, உட்புறத்திலிருந்து தொடங்கித் துருவேற்றினேன். கேள்வி கேட்ட மாணவனிடம் காட்டினேன். நெடுநேரம் திருப்பிப் பார்த்துவிட்டு, “கதவைத் திறந்து மூடும் இடத்தில் பூச்சு தேய்ந்திருக்க வேண்டாமா, சார்?” என்றான். தேய்ந்திருக்கத்தான் வேண்டும்.