ஒற்றைப் புள்ளியில் முடிந்த 31 ஆண்டு ஆட்சி

500.5 – 499.5. பல நாள் நடக்கும் ஒரு நீச்சல் போட்டியில் இரண்டு அணிகள் சேர்ந்து சரியாக ஆயிரம் புள்ளிகள் எடுத்து, கடைசியில் ஒரே ஒரு புள்ளி இடைவெளியில் நிற்பது அபூர்வத்திலும் அபூர்வம். 2011 மார்ச்சில் டென்னஸி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரில், அமெரிக்கக் கல்லூரிகளுக்கான மூன்றாம் டிவிஷன் ஆண்கள் நீச்சல் சாம்பியன்ஷிப்பில் அது நடந்தது. அந்த அரைப் புள்ளிகளோடு டெனிசன் பல்கலைக்கழகம் கோப்பையைத் தூக்கியது. இரண்டாவதாக நின்றது கென்யன் கல்லூரி.

கென்யன் இரண்டாவதாக வந்ததுதான் செய்தி. 1980-ல் தொடங்கி 2010 வரை, இடையில் ஒரு வருடம்கூட விடாமல், 31 முறை அந்தக் கல்லூரியின் ஆண்கள் அணி தேசியப் பட்டத்தை வென்றிருந்தது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் வரலாற்றில் வேறெந்த விளையாட்டிலும் எந்த அணியும் இவ்வளவு நீளமாக ஆண்டதில்லை. முதல் டிவிஷனில் டாக் கவுன்சில்மேன் பயிற்சி தந்த இண்டியானா பல்கலைக்கழகம், மார்க் ஸ்பிட்ஸ் போன்ற ஜாம்பவான்களை வைத்துக்கொண்டு, 1968 முதல் 1973 வரை தொடர்ந்து 6 பட்டம் வென்றதையே இன்றுவரை பெருமையாகப் பேசுகிறார்கள். ஒஹாயோ மாநிலத்தில் கேம்பியர் என்ற குக்கிராமத்தில், இரண்டாயிரம் மாணவர்கள்கூட இல்லாத ஒரு கலைக் கல்லூரி அதைப்போல் ஐந்து மடங்கு செய்து காட்டியது.

இது எப்படிச் சாத்தியமானது? பயிற்சி முறை, பயிற்சியாளர், அங்கே படிக்க வந்த மாணவர்களின் தரம் என்று காரணங்கள் பல சொல்லலாம். அவற்றோடு சேர்த்து அலச வேண்டிய இன்னொன்று, அமெரிக்கக் கல்லூரி நீச்சல் தன் வீரர்களுக்குத் தரும் கௌரவங்களின் அமைப்பு. மூன்றாம் டிவிஷனில் விளையாட்டுத் திறமைக்காக யாருக்கும் உதவித்தொகை கொடுக்கக் கூடாது என்பது விதி. டெக்சஸ், கலிஃபோர்னியா போன்ற முதல் டிவிஷன் அணிகள் நல்ல நீச்சல் வீரனின் படிப்புச் செலவை ஏற்கலாம். கென்யனோ டெனிசனோ அப்படிச் செய்ய முடியாது. விடியும் முன் எழுந்து குளத்தில் இறங்கி, வகுப்புக்குப் போய், மாலையில் மறுபடியும் நீந்தும் பையனுக்கு அதன் பேரில் ஒரு டாலர்கூட வராது. இங்கே விருதுதான் கூலி. அதனால் அதை யாருக்கு, எதற்காகக் கொடுக்கிறார்கள் என்பது அணியின் குணத்தையே தீர்மானிக்கிறது.

இந்த உலகத்தில் எல்லோரும் துரத்தும் பட்டம் ‘ஆல்-அமெரிக்கன்’. 1922-ல் தொடங்கிய கல்லூரி நீச்சல் பயிற்சியாளர்கள் சங்கம் இதை வழங்கிவருகிறது. கணக்கு எளிது. தேசிய சாம்பியன்ஷிப்பில் ஒரு போட்டியில் முதல் எட்டு இடத்துக்குள் வந்தால் ஆல்-அமெரிக்கன். ஒன்பது முதல் பதினாறு வரை வருபவர்களுக்கு அதற்கு அடுத்த படி. ‘ஹானரபிள் மென்ஷன்’ என்ற பெயரில் அது நெடுங்காலமாக அறியப்பட்டது. தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று மூன்றோடு நிறுத்தும் ஒலிம்பிக் பழக்கம் இங்கே இல்லை. மேடையில் எட்டுப் பேரும் ஏறுவார்கள். பதினாறாவது ஆளுக்கும் ஏட்டில் பெயர் உண்டு.

இதே பதினாறுதான் அணியின் புள்ளிக் கணக்கும். முதலிடத்துக்கு 20, அடுத்து 17, 16, 15 என்று இறங்கி எட்டாம் இடத்துக்கு 11. ஒன்பதாம் இடத்துக்கு 9, பத்துக்கு 7, பிறகு ஒவ்வொன்றாகக் குறைந்து பதினாறாம் இடத்துக்கு 1. ரிலேவில் எல்லாமே இரட்டிப்பு. தனிமனித கௌரவமும் அணியின் புள்ளியும் ஒரே கோட்டில் ஓடும்படி அமைத்ததுதான் இந்த ஏற்பாட்டின் பெரிய பலம். தனக்காக நீந்துபவனும் அணிக்காக நீந்துபவனும் இங்கே ஒரே திசையில்தான் போக முடியும்.

ஆனால் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஒரு சுவர் நிற்கிறது. அது எழும்புவது காலையில். தகுதிச் சுற்றான ஹீட்ஸில் முதல் எட்டு நேரம் எடுத்தவர்கள் மாலையில் ‘ஏ’ ஃபைனல் நீந்துவார்கள். அடுத்த எட்டுப் பேர் ‘பி’ ஃபைனல். காலையில் நூறில் ஒரு பங்கு நொடியில் ஒன்பதாவதாகப் போனவன், மாலையில் சாம்பியனைவிட வேகமாக நீந்தினாலும் ஒன்பதாவதுதான். அவனுக்கு 9 புள்ளி. அவனைவிட மெதுவாக ‘ஏ’ ஃபைனலில் கடைசியாக வந்தவனுக்கு 11. இது அநியாயம் என்று சொல்பவர்கள் உண்டு. இந்த விதி இல்லாவிட்டால் காலைப் போட்டிக்கு உயிரே இருக்காது என்பதால், அதை மாற்றாமல் வைத்திருப்பதே சரி. ஹீட்ஸில் சுவரைத் தொட்டவுடன் வீரர்கள் தண்ணீரிலிருந்து தலையைத் திருப்பிப் பலகையைப் பார்க்கும் வேகத்தில் இந்தச் சுவரின் கனம் தெரியும். கண் முதலில் போவது நேரத்துக்கு அல்ல, இடத்துக்கு.

இப்போது நாக்ஸ்வில் கணக்குக்கு வருவோம். ஏதாவது ஒரு தனிநபர் போட்டியின் ‘பி’ ஃபைனலில் டெனிசன் வீரர் பதினைந்தாவது, கென்யன் வீரர் பதினாறாவது என்று வைத்துக்கொள்வோம். இருவரும் இடம் மாறியிருந்தால் டெனிசனுக்கு ஒரு புள்ளி குறைந்து, கென்யனுக்கு ஒரு புள்ளி கூடியிருக்கும். அதாவது 499.5 – 500.5. அப்படியே தலைகீழ். முப்பத்திரண்டாவது பட்டம் கேம்பியருக்குப் போயிருக்கும். தேசிய சாம்பியன் யார் என்பதை ஒரு பதினாறாம் இடம் தீர்மானிக்கும் நிலை. மூன்றோடு கௌரவத்தை நிறுத்தும் விளையாட்டில் பதினாறாவது ஆள் கடைசி 25 கஜத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு போராட மாட்டான். இங்கே போராடுவான். முப்பத்தொரு வருடம் கென்யன் ஜெயித்ததும் இப்படிப்பட்டவர்களால்தான். தோற்றதும் இதே கணக்கில்தான்.

அந்த அரைப் புள்ளி எங்கிருந்து வந்தது? சமநிலையிலிருந்து. இரண்டு பேர் ஒரே நேரத்தில் தொட்டால் இரண்டு இடத்துப் புள்ளிகளையும் கூட்டிப் பாதி பாதியாகப் பிரிப்பார்கள். மூன்றாவது இடத்தில் சமன் என்றால் 16-உம் 15-உம் சேர்ந்து ஆளுக்கு 15.5. நீச்சலில் நேரம் நூறில் ஒரு பங்கு நொடியோடு நிற்கிறது. அதற்கும் ஒரு கல்லூரி வீரரின் கதை பின்னணியாக இருக்கிறது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தனிநபர் மெட்லியில் ஸ்வீடனின் குன்னார் லார்சன் 4:31.981, புளோரிடா பல்கலைக்கழக வீரர் டிம் மெக்கீ 4:31.983. ஆயிரத்தில் இரண்டு பங்கு நொடியில் மெக்கீ தங்கத்தை இழந்தார். ஒவ்வொரு லேனின் நீளத்தையும் அவ்வளவு துல்லியமாகக் கட்டவே முடியாது என்ற நியாயத்தால் பிறகு ஆயிரத்தில் கணக்கிடுவது கைவிடப்பட்டது. இன்று சமன் என்றால் சமன்தான். இருவருக்கும் அதே பதக்கம், அதே கௌரவம்.

கென்யனின் அந்த நீண்ட காலத்தைக் கட்டியவர் பயிற்சியாளர் ஜிம் ஸ்டீன். ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டிலுமாக அவர் கணக்கில் 50 தேசியப் பட்டங்கள் இருக்கின்றன. 2011-ல் அவரைத் தோற்கடித்த டெனிசனின் பயிற்சியாளர் கிரெக் பரினி வேறு யாருமல்ல. ஸ்டீனிடம் கென்யனில் நீந்தியவர், அந்த வெற்றித் தொடர் தொடங்கிய காலத்து அணியின் ஸ்பிரிண்டர். டெனிசன் இருக்கும் கிரான்வில்லுக்கும் கேம்பியருக்கும் இடையே ஒரு மணி நேரக் கார் பயணம்கூட இல்லை. குருவின் கோட்டையைச் சீடன் தகர்த்தான் என்று எழுதுவது சுலபம். அதைவிட முக்கியம், அந்தச் சீடன் அதே பாடத்தை அடுத்த ஊரில் போதித்திருந்தார் என்பது. ஸ்டீன் 2012-ல் விடைபெற்றார். கென்யனின் நீச்சல் வளாகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

விருதுக்குப் பயிற்சியாளரின் பெயரை வைப்பது இந்த விளையாட்டில் பழைய மரபு. ஐவி லீக் கல்லூரிகளின் ஆண்கள் சாம்பியன்ஷிப்பில் அதிகப் புள்ளி எடுத்த நீச்சல் வீரருக்கு ஃபில் மோரியார்ட்டி விருது. நான்கு ஆண்டுகளும் சேர்த்து அதிகப் புள்ளி குவித்த இறுதியாண்டு மாணவருக்கு ஹெரால்டு யூலன் விருது. மோரியார்ட்டி யேல் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர், யூலன் ஹார்வர்டின் பயிற்சியாளர். இரண்டும் பரம வைரிகள். ஆகவே ஹார்வர்டு மாணவன் ஒருவன் யேல்காரரின் பெயர் பொறித்த விருதைக் கையில் வாங்கிக்கொண்டு தன் கல்லூரிக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. அதில் இருக்கும் பெருந்தன்மை கவனிக்கத்தக்கது. யூலன் விருது இன்னும் ஒரு படி மேல். ஒரே ஒரு மின்னல் வேகத்தை அது பார்ப்பதில்லை. நான்கு பிப்ரவரிகளிலும் வந்து நீந்திப் புள்ளி சேர்த்தவனைப் பார்க்கிறது.

மேடைக்கு வராத கௌரவங்களும் உண்டு. பருவம் முடிந்ததும் கல்லூரிகளில் ஒரு விருந்து நடக்கும். அங்கே சிறந்த வீரர், அதிகம் முன்னேறியவர், பயிற்சியாளர் தேர்ந்தெடுக்கும் ஒருவர் என்று அறிவிப்பார்கள். அடுத்த ஆண்டுக் கேப்டன்களைச் சக வீரர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் பல அணிகளில் இருக்கிறது. அணிக்காகத் தேவையான அளவு களம் கண்டவர்களுக்குக் கல்லூரியின் முதலெழுத்தைத் தருவார்கள். 1865-ல் ஹார்வர்டு பேஸ்பால் அணியில் தொடங்கியதாகச் சொல்லப்படும் பழக்கம் அது. குளத்தின் சுவரில் சாதனைப் பலகை. ஒவ்வொரு நீச்சலுக்கும் ஒரு வரி: நேரம், பெயர், ஆண்டு. புதியவன் ஒருவன் முறியடித்தால் பழைய பெயரை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகுவார்கள். முதலாமாண்டு மாணவன் ஒவ்வொரு நாளும் மூச்சு வாங்க நிற்கும்போது நிமிர்ந்து பார்ப்பது அந்தப் பலகையைத்தான்.

500 கஜம், 1650 கஜம் போன்ற நீளப் போட்டிகளில் லேனின் மறுமுனையில் ஒரு சக வீரர் மண்டியிட்டு அமர்ந்திருப்பார். கையில் எண் பலகை. நீந்துபவர் திரும்ப வரும்போதெல்லாம் எத்தனையாவது சுற்று என்பதைத் தண்ணீருக்குள் இறக்கிக் காட்டுவார். கடைசிச் சுற்றுக்கு முழு ஆரஞ்சு நிறப் பலகை. அவ்வப்போது பலகையை மேலும் கீழும் ஆட்டி ‘வேகத்தைக் கூட்டு’ என்று சைகை செய்வார். இந்த வேலைக்கு எந்தப் பட்டமும் கிடையாது. ஒரு அணியின் ஆரோக்கியத்தை அளக்க நினைப்பவர்கள், இந்த இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்தால் போதும். கேப்டனே உட்கார்ந்திருக்கும் அணி நெடுநாள் ஜெயிக்கும்.

படிப்புக்கான கௌரவத்தையும் ஒப்புக்குச் சப்பாணியாக வைக்கவில்லை. 2009-10 பருவத்தில் என்.சி.ஏ.ஏ. ஒரு விருதைத் தொடங்கியது. அப்போது அமைப்பு நடத்திய சாம்பியன்ஷிப்கள் 88 என்பதால் ‘எலீட் 88’. எண்ணிக்கை கூடக்கூடப் பெயரும் மாறி இப்போது ‘எலீட் 90’. தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்று அங்கே வந்திருப்பவர்களில் படிப்பில் அதிக மதிப்பெண் சராசரி வைத்திருப்பவருக்கு அது. முதலில் நன்றாக நீந்தித் தகுதி பெற வேண்டும், பிறகுதான் மதிப்பெண். இந்த வரிசை மிகச் சரியானது. பட்டமேற்படிப்புக்கான என்.சி.ஏ.ஏ. உதவித்தொகையைக் கென்யன் நீச்சல் வீரர்கள் பலர் பெற்றிருக்கிறார்கள்.

குறையே இல்லையா? இருக்கிறது. தேசியப் போட்டியில் ஒருவர் அதிகபட்சம் ஏழு போட்டிகளில் நீந்தலாம். அதில் தனிநபர் போட்டி மூன்றுக்கு மேல் கூடாது. நான்கு ஆண்டுகளுக்கு 28. இதனால் ‘இத்தனை முறை ஆல்-அமெரிக்கன்’ என்று எண்ணிக்கையால் வீரர்களை அளக்கும் பழக்கம் வந்துவிட்டது. பலமான ரிலே அணி உள்ள கல்லூரியில் சேர்ந்தவருக்கு எண்ணிக்கை தானாக ஏறும். பலவீனமான கல்லூரியில் தனியாகப் போராடுபவருக்கு ஏறாது. எமரி பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ வில்சன் இந்த எண்ணிக்கையில் அடங்காத ஆள். மூன்றாம் டிவிஷனில் நீந்திய அந்த பிரெஸ்ட் ஸ்ட்ரோக் வீரர், டோக்கியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஃபைனல் வரை போனார். மெட்லி ரிலேவின் ஹீட்ஸில் அமெரிக்காவுக்காக நீந்தித் தங்கமும் பெற்றார். உதவித்தொகை தராத டிவிஷனிலிருந்து அவ்வளவு தூரம் போனவரை எத்தனை முறை ஆல்-அமெரிக்கன் என்ற கேள்வியால் அளப்பது அவருக்குச் செய்யும் குறை.

2020 மார்ச்சில் கொரோனாவால் எல்லாத் தேசியப் போட்டிகளும் ரத்தாயின. தகுதி பெற்ற வீரர்கள் அனைவரையும் ஆல்-அமெரிக்கன் என்று பயிற்சியாளர்கள் சங்கம் அறிவித்தது. நீந்தாத போட்டிக்குப் பட்டமா என்று முணுமுணுப்பு எழுந்தது. அந்த முடிவு சரியானதே. இறுதியாண்டு மாணவனுக்கு அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது. தகுதி நேரத்தை எட்டியதே அவன் அந்த வருடம் முழுதும் செய்த வேலை. அதற்கு ஒரு பெயர் தர வேண்டியிருந்தது.

கென்யன் ஆண்கள் அணி அந்த ஒரு புள்ளித் தோல்வியோடு ஓய்ந்துவிடவில்லை. 2013, 2014, 2015 என்று மூன்று பட்டங்களை மறுபடி வென்றது. அத்தோடு எண்ணிக்கை 34. ஆனால் தனிக்காட்டு ராஜ்ஜியம் போய்விட்டது. டெனிசன், எமரி, கென்யன் மூன்றும் முட்டிக்கொள்ளும் களமாகியிருக்கிறது மூன்றாம் டிவிஷன். ரசிகனுக்கு இதுதான் நல்லது.

இந்தப் போட்டிகள் ஒவ்வொரு மார்ச்சிலும் இணையத்தில் நேரலையாக வருகின்றன. அடுத்த முறை பார்க்க உட்காரும்போது சாம்பியன் நீந்தும் ‘ஏ’ ஃபைனலுக்காக மட்டும் காத்திருக்க வேண்டாம். அதற்கு முன் நடக்கும் ‘பி’ ஃபைனலை முழுதாகப் பாருங்கள். கோப்பை எந்த ஊருக்குப் போகும் என்பது பல நேரம் அங்கேயே தெரிந்துவிடும்.