ஏழாம் உலகமும் வினைக்கொள்கையும்

2003ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஏழாம் உலகம்’ என்னும் நாவல் குமரி மாவட்டத்தவராகிய ஜெயமோகன் இயற்றியது. ஊனமுற்ற இரவலரை விலைக்குக் கொண்டும் விற்றும், அவர் வயிற்றிற் பிறக்குங் குழவிகளையே முதலாக்கியும் பிழைக்கும் போத்திவேலுப் பண்டாரம் என்பான் வரலாறு அது. அவ்விரவலர்க்கு அவன் வழங்கும் பெயர் ‘உருப்படி’ என்பது. பழநிக்கு வரும் அடியார் கூட்டமே அவனுக்குச் சந்தை.

இராஜாக்கமங்கலம் முதலிய ஊரார்க்கு இந்நூலின் உரையாடல் வீட்டுமொழியே. பிற நாட்டார் சொற்பொருள் தேடிச் சிறிது நிற்பர். இவர்க்கு அந்நிழலும் இல்லை, நேரே துன்பத்துட் புகுவர். சுசீந்திரத்து மார்கழித் தேர் காணச் செல்லுங்கால், வழியிற் கிடப்பார்க்குக் காசிட்டு முகந்திருப்பிக் கடந்தவர் இவருட் பலர்.

தொல்காப்பியர் கூறிய மெய்ப்பாடு எட்டனுள் இந்நூல் முதற்கண் எழுப்புவது இளிவரல். சில பக்கங்களிற் புத்தகத்தை மூடிவிடுவாரும் உளர். மூடாது செல்வார்க்கு அவ்விளிவரலே அழுகையாய்த் திரிகின்றது. தன் பெண்மக்கள் துயரங் கண்டு பொறாத பண்டாரம், முத்தம்மை பெற்ற மகவை விலைபேசுங்கால் சிறிதும் கூசுகின்றிலன். அவனைக் கொடியன் என்று ஒதுக்கவும் படிப்பார்க்கு இயலவில்லை. நல்ல தந்தையாகவே காண்கின்றனர். ஆசிரியர் திறம் முழுதும் ஈண்டே உளது.

இனி, “இவரெல்லாம் பழவினை நுகர்வார், இதற்குக் கண்ணீர் எற்றுக்கு?” எனச் சைவர் சிலர் வினவுவர். பிறர் வாயிலாக வரும் துன்பமும் வினைவழியது என்பது உண்மையே. ஆயினும், வினை சடம். அதனைக் கூட்டி ஊட்டுவோன் இறைவன். வாயிலாய் நின்ற மகன் தன் செயலுக்கு ஆகாமியம் ஈட்டாதொழியான். முத்தம்மையின் பிராரத்தத்தை எண்ணுவார் பண்டாரத்தின் ஆகாமியத்தை எண்ணாமை என்னை? அவன் முதலைப் பெருக்குவது அடியார் இட்ட காசு அன்றோ? அக்காசிற்கும் கணக்குண்டு. வினைக்கொள்கை கண்ணீரை விலக்குமாயின், இரக்கமும் ஈகையும் நூல்களில் விதிக்கப்படா.

குற்றமும் சில உள. இரவலர் தம்முள் நகையாடும் இடங்கள் ஆங்காங்கு மிக நீண்டன. இழிசொற் பெருக்கம் பழம்புலவர் செவிக்கு ஏலாது. ஆயின் அம்மாந்தர் வாயிற் செந்தமிழ் வைப்பது அதனினும் பெரும்பொய்யாம்.

இறுதியில், தன்னொடு கூட்டக் கொணர்ந்தவனது ஒற்றை விரலாற் தன் மகனென்று அறிந்து முத்தம்மை அலறுகின்றாள். நூல் அவ்வளவில் நின்றுவிடுகின்றது. ஆறுதலாக ஓர் இயல் பின்னும் வேண்டும் என்பாரும் உளர். அது சேர்ப்பின், முகந்திருப்பிக் கடத்தற்குப் பின்னும் ஒரு வழி கிடைத்துவிடும்.